சோமனூர் ஸ்டேஷன் 8-க்கு 4 அடியில்: ஊரில் ஒரு மாதிரி ரயில் கண்காட்சி நடத்துவது எப்படி?

புணே நகரின் கோத்ருட் பகுதியில் ஜோஷி குட்டி ரயில் அருங்காட்சியகம் இருக்கிறது. பாவு ஜோஷி என்ற ரயில் பித்தர் பல ஆண்டுகள் சேர்த்த எஞ்சின்களும் பெட்டிகளும் அங்கே ஒரு குட்டி நகரத்தைச் சுற்றி ஓடுகின்றன. அது திறக்கப்பட்டது 1998 ஏப்ரல் 1 அன்று. ஆனால் அந்த ரயில்கள் அதற்கு முன்பே பொதுக்காட்சிகளில் ஓடிவிட்டன. முதலில் காட்சி, பிறகு கூட்டம், கடைசியில்தான் கட்டடம்.

திருப்பூர் வட்டாரத்துச் சாமளாபுரத்தில் இதைத் தொடங்க நினைப்பவருக்கும் கட்டடம் தேவையில்லை. ஒரு பிளைவுட், ஒரு சின்ன மண்டபம், விடுமுறை நாளான ஒரு ஞாயிற்றுக்கிழமை இருந்தால் போதும். மாதிரி எடுக்க ரயில் பாதை பக்கத்திலேயே இருக்கிறது. சோமனூர் ஸ்டேஷன் வழியாக ஈரோடு - கோவை இரட்டைப் பாதை போகிறது. மேலே மின்கம்பி, நாள் முழுக்கப் போக்குவரத்து. சுவிட்சர்லாந்து மலையை அட்டையில் செய்து வைத்தால் பார்ப்பவர் "அழகா இருக்கு" என்று சொல்லி நகர்ந்துவிடுவார். பெயர்ப் பலகையில் 'சோமனூர்' என்று எழுதியிருந்தால் நின்று, குனிந்து, "கேட் எங்கே?" என்று கேட்பார்.

ஒன்றை மட்டும் முதலிலேயே மனதில் வைக்க வேண்டும். வீட்டு மேஜையில் ஓடும் ரயில் வேறு, கண்காட்சியில் ஓடும் ரயில் வேறு. கண்காட்சி ரயிலுக்கு இரண்டே தகுதிதான்: 7 மணி நேரம் பழுதாகி நிற்காமல் ஓட வேண்டும், கழற்றி வண்டியில் ஏற்ற முடிய வேண்டும். அழகு அதற்குப் பிறகு. இந்த அத்தியாயத்தின் எல்லாப் படிகளும் இந்த இரண்டை நோக்கியே போகின்றன.

1. எந்த அளவு, எந்தப் பாதை?

உலகில் அதிகம் புழங்கும் அளவு எச்.ஓ. நிஜத்தில் 87 மீட்டர் இருப்பது இதில் 1 மீட்டர். தண்டவாள இடைவெளி 16.5 மி.மீ. இதைவிடச் சின்னதான 'என்' (N) அளவு 1:160. இடைவெளி 9 மி.மீ. வீட்டில் இடமில்லாதவருக்கு 'என்' நல்லது. கண்காட்சிக்கு எச்.ஓ. எடுப்பதே புத்திசாலித்தனம்: மூன்றடி தள்ளி நிற்கும் தாத்தாவுக்கும் தெரியும், தடம் புரண்டால் கையால் தூக்கி வைக்கலாம்.

ஒரு கணக்குச் சிக்கல் உண்டு. இந்திய அகலப்பாதை 1,676 மி.மீ. அதை 87-ஆல் வகுத்தால் 19.3 மி.மீ. வருகிறது. கடையில் கிடைக்கும் எச்.ஓ. தண்டவாளமோ 1,435 மி.மீ. பாதைக்குச் செய்தது. அதனால் இந்திய ரயில் மாதிரிகள் பெரும்பாலும் உடல் அளவைச் சரியாக வைத்துக்கொண்டு சக்கரத்தை மட்டும் 16.5 மி.மீ.யில் ஓட்டுகின்றன. ரயில்வே ஊழியர் யாராவது வந்தால் கட்டாயம் கேட்பார்; பதிலைத் தயாராக வைத்திருப்பது நல்லது.

பலருக்கு முதல் ஆசை ஊட்டி ரயில்தான். அதை இரண்டாவது திட்டமாக வைப்பதே நல்லது. நீலகிரி மலை ரயில் மீட்டர்கேஜ். குன்னூர் ஏற்றத்தில் சுமார் 12 அடிக்கு 1 அடி ஏறுகிறது, அதுவும் பல்சக்கரம் பிடித்து. சாதாரண மாதிரி எஞ்சின் 40 அடிக்கு 1 அடி ஏற்றத்திலேயே திணறத் தொடங்கும். பல்சக்கர மாதிரிகளைச் சுவிஸ் பாதைகளுக்காக ஜெர்மனியின் பெமோ போன்ற நிறுவனங்கள் செய்கின்றன. விலையும் பழுதும் தொடக்கக்காரருக்கு ஒத்துவராது. சமதளமான சோமனூர் பாதையில் தொடங்குவதே சரி.

2. ஸ்டேஷனில் அளவெடுப்பது

பிளாட்ஃபார்ம் டிக்கெட் எடுத்து, ஸ்டேஷன் மாஸ்டரிடம் சொல்லிவிட்டுப் பிளாட்ஃபார்மில் நின்றபடியே எல்லா அளவையும் எடுத்துவிடலாம். டேப் பிடித்துத் தண்டவாளத்தில் இறங்க வேண்டிய அவசியமே இல்லை. இறங்குவது ரயில்வே சட்டம் 147-வது பிரிவின்படி குற்றமும்கூட. மேலே ஓடும் கம்பியில் 25,000 வோல்ட். செல்ஃபி குச்சி, நீளமான இரும்பு டேப், அலுமினியக் கழி எதுவும் கொண்டுபோகக் கூடாது.

தொடாமல் அளக்கும் முறை:

1. ஸ்லீப்பரை எண்ணுங்கள். முக்கியப் பாதையில் வழக்கமாக ஒரு கிலோமீட்டருக்கு 1,660 ஸ்லீப்பர் போடுகிறார்கள். அதாவது ஒன்றுக்கொன்று 60 செ.மீ. கட்டடத்துக்கு எதிரே 50 ஸ்லீப்பர் இருந்தால் அதன் நீளம் சுமார் 30 மீட்டர்.
2. நிற்கும் பெட்டியை அளவுகோலாக்குங்கள். பழைய நீல ஐ.சி.எஃப். பெட்டி 21.3 மீட்டர், எல்.எச்.பி. பெட்டி 23.5 மீட்டர்.
3. உயர்த்திய பிளாட்ஃபார்ம் தண்டவாள மட்டத்திலிருந்து 76 முதல் 84 செ.மீ. உயரம். மாதிரியில் 9 மி.மீ. வைத்தால் போதும்.
4. எதிர்ப் பிளாட்ஃபார்ம், கூரைத்தூண், பெஞ்சு, குழாய், பெயர்ப் பலகை எல்லாவற்றையும் நேருக்கு நேராகப் படமெடுங்கள். படத்தில் ஒரு ஆள் இருந்தால் உயரம் கணக்கிடுவது எளிது. ஐந்தரை அடி மனிதர் எச்.ஓ.வில் 19 மி.மீ.

கைக்குள் வைத்துக்கொள்ள ஒரு பட்டியல்: ஐ.சி.எஃப். பெட்டி 24.5 செ.மீ.; எல்.எச்.பி. பெட்டி 27 செ.மீ.; டபிள்யு.ஏ.பி.-7 எஞ்சின் 23.6 செ.மீ.; மின்கம்பி உயரம் சுமார் 6.4 செ.மீ.; பக்கத்துப் பக்கத்துப் பாதைகளின் நடுவிலிருந்து நடுவுக்கு 6 செ.மீ.; ஏழடிக் கதவு 2.5 செ.மீ.

3. பலகை: இரண்டு துண்டு, ஒரு குட்டி யானை

கடையில் கிடைக்கும் 8-க்கு 4 அடி பிளைவுட்டை நடுவில் அறுத்து இரண்டு 4-க்கு 4 துண்டாக்க வேண்டும். ஒரே துண்டாக விட்டால் வீட்டுப் படிக்கட்டில் திரும்பாது. இரண்டு துண்டும் ஒரு குட்டி யானையில் தாராளமாக ஏறும்.

1. 9 மி.மீ. பிளைவுட் எடுங்கள். 6 மி.மீ. நம் வெயிலில் வளைந்துவிடும், 12 மி.மீ. தூக்க ஆள் வேண்டும்.
2. கீழே 2 அங்குல உயரத்துக்கு மரச்சட்டம் அடியுங்கள்: நான்கு ஓரத்திலும், குறுக்கே இரண்டும்.
3. இரண்டு பலகையும் சேரும் முகத்தில் இரண்டு சட்டத்தையும் ஒன்றாகப் பிடித்து, ஒரே துளையாக இரண்டு இடத்தில் போடுங்கள். தனித்தனியாகத் துளையிட்டால் சேரவே சேராது. அதில் 8 மி.மீ. போல்ட்டும் சிறகு நட்டும்.
4. கால்களைத் தனியாக வையுங்கள். மேல்மட்டம் தரையிலிருந்து 90 செ.மீ. இருந்தால் மூன்றாம் வகுப்புப் பிள்ளை எட்டிப் பார்க்கும். பெரியவர் அதிகம் குனிய வேண்டாம்.
5. மேலும் கீழும் ஒரு கை பெயின்ட். ஒரு பக்கம் மட்டும் அடித்தால் மறுபக்கம் ஈரம் குடித்துப் பலகை கோணும்.

இந்த 122 செ.மீ. அகலத்தில் இரட்டைப் பாதை அழகாக உட்காரும்: வெளிவட்டம் 50 செ.மீ. ஆரம், உள்வட்டம் 44 செ.மீ. வெளிவட்டத்தின் மொத்தச் சுற்று சுமார் 5.6 மீட்டர். முன்பக்க நேர்ப்பாதை 122 செ.மீ.; அதில் ஒரு எஞ்சினும் மூன்று எல்.எச்.பி. பெட்டியும் பிளாட்ஃபார்மில் முழுதாக நிற்கும். 22 பெட்டி கோர்க்க ஆசைப்பட வேண்டாம். எச்.ஓ.வில் அதன் நீளம் 6.3 மீட்டர், வட்டமே 5.6 மீட்டர்தான், எஞ்சின் போய்க் கடைசிப் பெட்டியில் முட்டும்.

குறிப்பு: பாயிண்ட் (ரயில் ஒரு பாதையிலிருந்து மற்றதற்கு மாறும் இடம்) எல்லாவற்றையும் ஓட்டுபவர் நிற்கும் பின்பக்கத்திலேயே வையுங்கள். தடம் புரள்வது பெரும்பாலும் பாயிண்டில்தான். முன்பக்கப் பாயிண்டில் கவிழ்ந்த பெட்டியை எடுக்க 4 அடி எட்ட வேண்டும். எட்டும்போது சட்டைக் கை நான்கு கம்பத்தைச் சாய்த்துவிடும்.

4. தண்டவாளம் போடுவது

1. பென்சிலால் வட்டத்தை முழுதாக வரையுங்கள். ஆணி, நூல், பென்சில். இதற்கு வேறு கருவி வேண்டாம்.
2. கோட்டின் மேல் 3 மி.மீ. ரப்பர் ஷீட் அல்லது கார்க் ஷீட் ஒட்டுங்கள். சத்தம் குறையும்; ஜல்லி மேடும் தானாக வந்துவிடும்.
3. தண்டவாளத்தை ஒட்டாமல் ஒருமுறை முழுக்கக் கோர்த்துப் பாருங்கள். கடைசி இணைப்பு இழுத்துப் பிடித்தால்தான் சேருகிறது என்றால் வளைவு தப்பு. பிரித்துத் திரும்பப் போடுவதே வழி.
4. மூன்றடித் துண்டு ஒவ்வொன்றுக்கும் இடையே ஒரு விசிட்டிங் கார்டு கனம் இடைவெளி விடுங்கள். காலையில் குளிர்ந்திருக்கும் மூன்றடி நிக்கல் சில்வர் தண்டவாளம் 20 டிகிரி சூடேறினால் ஏறக்குறைய அந்த அளவுதான் நீள்கிறது. இடைவெளி விடாத பாதை மார்ச், ஏப்ரலில் பாம்பாக நெளிந்து நிற்கும்.
5. பலகைகள் சேரும் இடத்தில் இரண்டு பக்கமும் பித்தளைத் திருகாணி அடித்து, தண்டவாளத்தை அதன் தலையில் சால்டர் செய்து, கடைசியில் மெல்லிய ரம்பத்தால் அறுங்கள். தூக்கி இறக்கும்போது அடிபடுவது இந்த நுனிதான்.
6. ஒரு பெட்டியை மட்டும் விரலால் தள்ளி முழுச் சுற்றும் ஓட்டிப் பாருங்கள். தட்டும் இடத்தை அப்போதே சரிசெய்ய வேண்டும். ஜல்லி ஒட்டிய பிறகு கண்டுபிடிக்கும் தட்டு இரண்டு நாள் வேலை.

5. வயரிங்: 230 வோல்ட் பெட்டியோடு நின்றுவிட வேண்டும்

மாதிரி ரயில் ஓடுவது 12 வோல்ட் டி.சி.யில். அந்த 12 வோல்ட் ஆளைக் கொல்லாது. அதைத் தரும் பெட்டிக்குப் பின்னால் இருக்கும் 230 வோல்ட் கொல்லும். ஆகவே டிரான்ஸ்ஃபார்மரை வீட்டில் சுற்றிச் செய்யும் ஆசை வேண்டாம். ஷார்ட் ஆனால் தானாக நிற்கும் வசதியுள்ள ரெடிமேட் பவர் பேக் வாங்குவதே முறை.

1. இரண்டு வட்டத்துக்கும் தனித்தனிக் கன்ட்ரோலர். ஒன்று கெட்டாலும் மற்றது ஓடும்.
2. ஒவ்வொரு வட்டத்துக்கும் பலகைக்கு அடியில் 1 சதுர மி.மீ. தாமிர வயர் இரண்டு, சிவப்பும் கறுப்பும், முழு நீளத்துக்கும் ஓட வேண்டும். மூன்றடிக்கு ஒரு இடத்தில் அதிலிருந்து மெல்லிய வயர் எடுத்துத் தண்டவாளத்தில் சால்டர் செய்யுங்கள். தண்டவாள இணைப்பானை நம்பிக் கரண்ட் கடத்தக் கூடாது. நான்கு மாதத்தில் துருவேறி, எஞ்சின் தூரத்து மூலையில் மட்டும் மெதுவாகப் போகும்.
3. பலகை சேரும் இடத்தில் பிளக் - சாக்கெட். முறுக்கி டேப் சுற்றுவது கண்காட்சிக்கு ஆகாது.
4. ஒவ்வொரு சால்டருக்குப் பிறகும் மல்டிமீட்டரால் சிவப்புக்கும் கறுப்புக்கும் தொடர்பு இல்லை என்று பாருங்கள். எல்லாம் முடித்துவிட்டுப் பார்த்தால் ஷார்ட் எங்கே என்று தேட ஒரு ஞாயிற்றுக்கிழமை போகும்.
5. சால்டரிங் அயர்ன் 25 வாட் போதும். ஜன்னல் திறந்திருக்க வேண்டும்; ஈயம் கலந்த சால்டர் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவிய பிறகே டீ டம்ளரைத் தொட வேண்டும்.

எச்சரிக்கை: சால்டரிங் வேலையைத் தறிக்குடோனில் வைத்துச் செய்யக் கூடாது. உத்தரத்திலும் மோட்டார் மேலும் படிந்திருக்கும் பஞ்சு ஒரு பொறியில் பற்றிக்கொள்ளும்.

ஒரே பாதையில் இரண்டு எஞ்சினைத் தனித்தனியாக ஓட்ட டி.சி.சி. என்ற டிஜிட்டல் முறை இருக்கிறது. நல்ல முறைதான், ஆனால் முதல் கண்காட்சிக்கு வேண்டாம். கோளாறு வந்தால் சரிசெய்யத் தெரிந்தவர் மண்டபத்தில் இருக்க வேண்டுமே.

6. காட்சி: பக்கத்தில் கிடைப்பதே போதும்

திருப்பூர் வட்டாரத்தில் கைவேலைக்காரருக்குப் பொருள் பஞ்சமில்லை. பனியன் கம்பெனி அட்டைப்பெட்டி, நூல் கோன், கட்டிங் வேஸ்ட், கலர் நூல் எல்லாம் கேட்டால் கிடைக்கும்.

*தறிக்குடோன்:* அட்டைப்பெட்டிக்குள் வைக்கும் மெல்லிய நெளிவு அட்டையின் மேல்தாளை நனைத்து உரித்தால் ஆஸ்பெஸ்டாஸ் கூரை தயார். சாம்பல் வண்ணம் அடித்து, ஓரங்களில் கறுப்பைத் தொட்டுத் துடைத்தால் பத்து மழை பார்த்த கூரையாகிவிடும். சுவருக்குச் சன்போர்டு. கதவோரம் பாவு பீம் வைக்க ஒரு டூத்பிக்கில் வெள்ளை நூலை நெருக்கமாகச் சுற்றி, இரு முனையிலும் வட்ட அட்டை ஒட்டினால் போதும். சோமனூர் ஆட்கள் முதலில் விரல் நீட்டுவது ரயிலைவிட இதை நோக்கித்தான் இருக்கும்.

*தென்னை:* கட்டுக்கம்பியை மூன்றாக முறுக்கித் தண்டு. பச்சைத் தாளை ஓலையாகக் கத்தரித்து நடுநரம்பில் மடித்து ஒட்டுங்கள். 15 மீட்டர் மரம் எச்.ஓ.வில் 17 செ.மீ. வரும். பலர் பாதி உயரத்துக்குச் செய்துவிட்டு, கூரையைவிடத் தென்னை குட்டையாக நிற்பதைக் கண்காட்சி அன்றுதான் பார்க்கிறார்கள்.

*குளம்:* சாமளாபுரம் குளத்தைப் பலகையின் மூலையில் காட்ட, தரையைக் கரும்பச்சையும் பழுப்புமாக வரைந்து, மேலே பளபளக்கும் வார்னிஷை மெல்லிசாக நான்கைந்து பூச்சு. ஒவ்வொன்றும் காய்ந்த பிறகே அடுத்தது.

*ஜல்லி:* நிஜ ஜல்லி 2 அங்குலம் என்றால் எச்.ஓ.வில் அரை மில்லிமீட்டர் சொச்சம். கட்டட வேலை நடக்கும் இடத்தில் கேட்டு ஒரு சொம்பு எம்-சாண்ட் வாங்கி, கழுவிக் காயவைத்து, டீ வடிகட்டியில் சலித்தால் விழுவது அந்த அளவுதான். இனி செய்யும் வேலையைத் தாண்டிப் போகவே கூடாது. மணலைத் தாளில் பரப்பி, பழைய ஸ்பீக்கர் காந்தம் ஒன்றைப் பாலித்தீன் உறையில் போட்டு மேலே மெதுவாக இழுங்கள். உறையின் அடியில் கறுப்பு மீசை மாதிரி ஒட்டி நிற்கும் துகள்தான் இரும்புத் தாது. அது பாதையில் கிடந்தால் எஞ்சினுக்குள் இருக்கும் மோட்டார் காந்தம் உறிஞ்சிக்கொள்ளும். ஒரு வாரத்தில் பல்சக்கரம் கரகரக்கும். உறையை உள்புறம் வெளியாகப் புரட்டிக் கொட்டிவிட்டு, எதுவும் ஒட்டாத வரை திரும்ப இழுக்க வேண்டும்.

ஜல்லி ஒட்டும் வரிசை:

1. பிரஷ்ஷால் ஸ்லீப்பருக்கு இடையே பரப்புங்கள். ஸ்லீப்பர் மேலே ஒரு மணிகூட இருக்கக் கூடாது.
2. ஒரு சொட்டுப் பாத்திரம் கழுவும் லிக்விட் கலந்த தண்ணீரை ஸ்பிரேயில் பனியாக அடியுங்கள்.
3. ஃபெவிகாலும் தண்ணீரும் சம அளவு கலந்து, ஊசி இல்லாத சிரிஞ்சால் நடுவில் சொட்டு விடுங்கள்.
4. பாயிண்டின் அசையும் நாக்குப் பக்கம் பசை போகவே கூடாது.
5. ஒரு ராத்திரி விட்டு, மறுநாள் தண்டவாளத் தலையைத் துடைத்து ஓட்டிப் பாருங்கள்.

7. இந்த ஊரின் தனி எதிரி: பஞ்சு

வெளிநாட்டுக் கையேடுகளில் தூசியைப் பற்றி ஒரு பத்தி இருக்கும். தறியும் நிட்டிங்கும் ஓடும் ஊரில் அந்த ஒரு பத்தி போதாது. இங்கே காற்றில் பறப்பது வெறும் மண் தூசி இல்லை, பஞ்சு இழை. அது தண்டவாள எண்ணெய்ப் பசையில் ஒட்டி, சக்கரத்தில் ஏறி, அச்சைச் சுற்றிக் கயிறாக முறுக்கிக்கொள்ளும். எஞ்சினைத் தலைகீழாகப் பிடித்து லென்ஸில் பார்த்தால் பல்சக்கரத்துக்குப் பக்கத்தில் சாம்பல் நிற வளையம் தெரியும். வளையம் இறுகினால் மோட்டார் சூடாகி எரியும்.

- எஞ்சின், பெட்டிகளை ஓடாத நேரத்தில் மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பாவில் வையுங்கள். பலகைக்குப் பழைய பெட்ஷீட் போர்த்தக் கூடாது, அதுவும் பஞ்சு உதிர்க்கும். மெல்லிய பிளாஸ்டிக் ஷீட் போதும்.
- வாரம் ஒருமுறை சக்கரத்தைப் பார்த்து, இழையை முள்சாமணத்தால் ஒரு முனை பிடித்து எதிர்ப்பக்கமாகச் சுற்றி எடுங்கள். வெட்டி இழுத்தால் பாதி உள்ளே போய்விடும்.
- தண்டவாளத்தை ஐசோபுரொபைல் ஆல்கஹால் தொட்ட, நூல் உதிராத துணியால் துடையுங்கள். மின்சாரத்தை நிறுத்திவிட்டுச் செய்ய வேண்டும். ஆல்கஹால் தீப்பற்றும் திரவம். பனியன் வேஸ்ட்டால் துடைப்பது பஞ்சை நாமே வைப்பதுதான்.
- உப்புத்தாள் வேண்டாம். அது போடும் கீறலில்தான் அடுத்த அழுக்கு ஒளிந்துகொள்ளும்.
- எண்ணெய் விடுவது அச்சுக்கு ஊசிமுனைச் சொட்டு. அதற்கு மேல் விட்ட எண்ணெய் பஞ்சுக்கு அழைப்பு.

8. கூடிப் பேசி முடிவெடுப்பது

மாதிரி ரயில் உலகில் கண்காட்சிகள் பெரிதானது பலகைகளைச் சேர்த்ததால்தான். ஒருவர் ஒரு பலகை செய்வார்; இன்னொருவர் வேறு ஊரில் வேறொன்று செய்வார்; கண்காட்சி அன்று இரண்டும் நட்டுப் போட்டுச் சேரும். டி-டிராக் என்ற முறையில் சுமார் 31 செ.மீ. நீளச் சின்னப் பெட்டிகளைக்கூட மேஜை மேல் வரிசையாக வைத்து ஓட்டுகிறார்கள். அமெரிக்காவில் 1935-இல் தொடங்கிய தேசிய மாதிரி ரயில் சங்கம் முதலில் பிடித்துக்கொண்ட வேலையே ஆளுக்கொரு அளவில் செய்துகொண்டிருந்தவர்களை ஒரே அளவுக்குக் கொண்டுவருவதுதான்.

நான்கு பேர் சேர்ந்தால் முதல் கூட்டத்திலேயே இவற்றை எழுதி எல்லோரும் கையெழுத்துப் போடுவது நல்லது:

1. தரையிலிருந்து தண்டவாள உயரம்.
2. முன் விளிம்பிலிருந்து முதல் பாதையின் நடுக்கோடு எத்தனை செ.மீ.
3. இரு பாதைக்கும் இடைவெளி (6 செ.மீ.).
4. தண்டவாள உயரத்தைக் குறிக்கும் 'கோடு' (code) எண். கோடு 100 என்றால் எல்லோரும் அதுவே.
5. பெட்டிகளைக் கோர்க்கும் கொக்கி எந்த வகை.
6. எந்த வயர் எந்தத் தண்டவாளத்துக்கு. பார்வையாளர் பக்கத் தண்டவாளம் சிவப்பு என்று வைத்தால் மறக்காது.
7. பொதுப் பணம் யாரிடம், உடைந்தால் யார் செலவு.

கடைசி விஷயத்தைப் பேசக் கூச்சப்பட்டு விட்டுவிடுவதுதான் வழக்கம். கலைந்துபோகும் குழுக்களில் பெரும்பாலானவை எஞ்சின் கோளாறால் கலைவதில்லை.

கூட்டத்தில் பேச்சு எப்போதும் எஞ்சின் வகை, பெயின்ட் நிறம் என்று நீளும். பாதி நேரத்தை அதற்கு விட்டுவிட்டு, மீதிப் பாதியில் கையில் வேலை இருக்கட்டும்: ஒருவர் ஜல்லி ஒட்டக் காட்டுவது, இன்னொருவர் சால்டர் பிடிக்கக் காட்டுவது. புதிதாக வருபவர் இரண்டாவது முறையும் வருவது அந்தப் பாதிக்காகத்தான்.

9. கண்காட்சி: நாள் குறிப்பதிலிருந்து

*ஒரு மாதம் முன்பு*

1. ஞாயிற்றுக்கிழமை பாருங்கள். தீபாவளிக்கு முந்தைய ஆர்டர் நெருக்கடியிலும் முகூர்த்த நாளிலும் வேண்டாம்.
2. மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை அன்று விழுகிறதா என்று உள்ளூர் மின் அலுவலகத்தில் விசாரியுங்கள். அப்படியும் ஒரு வீட்டு இன்வெர்ட்டர் கையிருப்பில் இருக்கட்டும். இரண்டு கன்ட்ரோலர் இழுப்பது ஒரு ஃபேன் அளவுகூட வராது.
3. பள்ளி அரங்கம் அல்லது சின்ன மண்டபம். பலகை போக வாசல் அகலம் 4 அடிக்கு மேல் இருக்கிறதா என்று டேப் வைத்துப் பாருங்கள்.
4. எலக்ட்ரீஷியனை அழைத்து, நமக்குத் தரும் பிளக் பாயிண்டில் எர்த் இருக்கிறதா, மின்கசிவு வந்தால் தானாக அணைக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இருக்கிறதா என்று சோதிக்கச் சொல்லுங்கள். இல்லையென்றால் ஆர்.சி.சி.பி. வைத்த எக்ஸ்டென்ஷன் போர்டு கொண்டுபோக வேண்டும்.

*முந்தைய நாள் மாலை*

5. பலகையைச் சேர்த்து ஒரு மணி நேரம் முழு ரயிலையும் ஓட்டுங்கள். 'வீட்டில் ஓடியது' என்பது கணக்கில் வராது. மண்டபத் தரை மட்டம் வேறு. கால்களுக்கு அடியில் அட்டை வைத்து ரசமட்டத்தால் சரிபாருங்கள்.
6. முன்பக்கம் 20 செ.மீ. உயரத்துக்கு 3 மி.மீ. அக்ரிலிக் ஷீட். அதற்கு ஒன்றரை அடி முன்னால் கயிறு.
7. வயர் எதுவும் பார்வையாளர் நடக்கும் பக்கம் வரக் கூடாது.

*அன்று*

8. குத்துவிளக்கு ஏற்றித் திறப்பதாக இருந்தால் விளக்கு வாசலில் இருக்கட்டும். தெர்மோகோல் குன்றுக்குப் பக்கத்தில் சுடர் வேண்டாம். கூப்பிடு தூரத்தில் ஒரு தீயணைப்பான்.
9. எஞ்சின் 20 நிமிடம் ஓடி 10 நிமிடம் ஓய்வு. ஒவ்வொரு வட்டத்துக்கும் இரண்டு எஞ்சின் இருந்தால் பார்வையாளருக்கு இடைவெளியே தெரியாது.
10. வேகத்தைக் கணக்குப் பார்த்து வையுங்கள். 110 கி.மீ. வேகம் எச்.ஓ.வில் நொடிக்கு 35 செ.மீ.; வெளிவட்டத்தை ஒருமுறை சுற்ற 16 நொடி ஆக வேண்டும். ஆறு நொடியில் சுற்றினால் அது பொம்மை.
11. மணிக்கு ஒருமுறை 5 நிமிடம் ரயிலை நிறுத்தித் தண்டவாளம் துடையுங்கள். துடைப்பதை மறைக்க வேண்டாம். 'பாதை பராமரிப்பு' என்று பலகை வைத்தால் அதையும் பார்ப்பார்கள்.
12. பிள்ளைகள் கேட்கும் ஒரே கேள்வி: "நான் ஓட்டலாமா?" உள்வட்டத்தில் பழைய எஞ்சின் ஒன்றை விட்டு, குமிழ் பாதிக்கு மேல் திரும்பாதபடி தடை வைத்து, பக்கத்தில் ஒருவர் நின்று, தலைக்கு இரண்டு சுற்று.
13. சின்ன மனித உருவம், பட்டன் பேட்டரி, உதிரிக் கொக்கி எதுவும் மேஜை ஓரத்தில் கிடக்கக் கூடாது. குழந்தை பட்டன் பேட்டரியை விழுங்கிவிட்டதாகச் சந்தேகம் வந்தால்கூட, வாந்தி எடுக்க வைக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போக வேண்டும். உணவுக்குழாயில் சிக்கினால் 2 மணி நேரத்துக்குள் புண்ணாக்கிவிடும்.

10. நடுவில் நின்றுவிட்டால்

- *எஞ்சின் ஒரே இடத்தில் தயங்குகிறது:* அங்கே தண்டவாளம் அழுக்கு, அல்லது சால்டர் விட்டுப்போயிருக்கும். முதலில் துடையுங்கள், பிறகு மீட்டர் வையுங்கள்.
- *எங்கேயும் அசையவில்லை, கன்ட்ரோலர் விளக்கு அணைகிறது:* ஷார்ட். பாதையில் கிடக்கும் முள்சாமணம், திருகாணியை முதலில் தேடுங்கள். பத்துக்கு ஆறு முறை அதுதான்.
- *ஒரே பெட்டி மட்டும் ஒரே வளைவில் புரள்கிறது:* பெட்டியைத் திருப்பிக் கோர்த்துப் பாருங்கள். அப்போதும் அதுவே புரண்டால் சக்கர இடைவெளி. வேறு பெட்டியும் அங்கே புரண்டால் பாதை.
- *எஞ்சின் சூடாகி வாசனை வருகிறது:* உடனே எடுத்து ஓரம் வையுங்கள். 'இன்னும் ஒரே ஒரு சுற்று' என்பதில்தான் மோட்டார் போகிறது.
- *எதுவும் புரியவில்லை:* அந்த வட்டத்தை நிறுத்திவிட்டு மற்றதை ஓட்டுங்கள். கூட்டத்துக்கு முன்னால் எஞ்சினைப் பிரிக்கக் கூடாது. சுருள்வில் ஒன்று தெறித்தால் கிடைக்காது.

11. முடிந்த பிறகு

கழற்றும் வரிசை மாட்டியதற்கு நேர் எதிர்: முதலில் மெயின் பிளக், பிறகு ரயில்கள், உருவங்கள், வயர், கடைசியில் போல்ட். சிறகு நட்டுகளை ஒரு டப்பாவில் எண்ணிப் போடுங்கள். பலகைகளை ஒன்றன்மேல் ஒன்று வைக்காமல், நடுவில் கட்டை கொடுத்து நிமிர்த்தி ஏற்ற வேண்டும்.

கோளாறுப் பட்டியலை அன்று ராத்திரியே எழுதிவிடுங்கள். ஒரு வாரம் போனால் எந்தப் பாயிண்ட் தட்டியது என்று யாருக்கும் நினைவிருக்காது.

வாசலில் ஒரு நோட்டு வைத்திருப்பீர்கள். அதில் பெயரும் போன் நம்பரும் எழுதிப் போனவர்களை இரண்டு வாரத்துக்குள் கூப்பிட்டு ஒரு ஞாயிறு உட்கார வையுங்கள். தறி மெக்கானிக்குக்கு மோட்டார் தெரியும், பேட்டர்ன் வெட்டுபவருக்கு அளவு தெரியும், ஓய்வு பெற்ற ரயில்வேக்காரருக்குச் சிக்னல் தெரியும். அவர்களில் மூன்று பேர் வந்தாலே சோமனூருக்கு அடுத்த பலகையாக வஞ்சிபாளையத்தைத் தொடங்கிவிடலாம்.